சான் மாலோ: ஒரு மணி நேரத்தைத் தப்பாகக் கூட்டிய கதை

கடந்த செப்டம்பர் கடைசி வாரத்தில் பலெர்மோவிலிருந்து பிரான்சின் வடமேற்குக் கரையில் இருக்கும் சான் மாலோ என்ற ஊருக்குப் போய்வந்தேன். சனிக்கிழமை காலை கிளம்பி புதன்கிழமை இரவு திரும்பினேன். போன காரணம் சாதாரணமானது. கடல் காணாமல் போகும் ஓர் ஊர் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது எனக்குப் புரியவில்லை, நேரில் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு வந்து இத்தனை நாளாகியும் எனக்குக் கடலும் முழுதாகப் புரியவில்லை, அங்கே நடந்ததும் முழுதாகப் புரியவில்லை. அந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் நான் செய்த தவறைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சேலத்துக்காரி. பலெர்மோவில் ஆரஞ்சு வகைப் பழங்களின் தோல் எண்ணெய் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சியாகுல்லி தோட்டங்களில் மாதிரி எடுப்பேன், மற்ற நாட்களில் அட்டவணைகளோடு உட்கார்ந்திருப்பேன். அட்டவணை படிப்பதுதான் என் தொழில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வெட்கப்படும்போது வசதியாக இருக்கும். கடல் எனக்குப் பலெர்மோ வந்தபிறகுதான் பழக்கம். இங்கே மொந்தெல்லோ கடற்கரையில் தண்ணீரின் விளிம்பில் செருப்பை விட்டுவிட்டு நான்கு மணி நேரம் கழித்து வந்தாலும் செருப்பு அதே விளிம்பில் இருக்கும். மத்தியதரைக் கடல் ஒரு முழத்துக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. சான் மாலோ வளைகுடாவிலோ பெரிய நாட்களில் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. நான்கு மாடி உயரம். பலெர்மோவின் சீசா பகுதியில் நான் குடியிருப்பதும் நான்காவது மாடிதான், அதனால் படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக் கற்பனை செய்ய முயன்றேன். வரவில்லை.

தனியாகப் போவதாகத்தான் இருந்தது. மூன்றாவது மாடியில் ரஞ்சினி அக்கா இருக்கிறார். பருத்தித்துறைக்காரர், வயது ஐம்பத்து மூன்று, பொலிதேயாமா பக்கம் சிஞ்ஞோரா என்று அவர் சொல்லும் ஓர் இத்தாலிய முதலாளியம்மாவின் வீட்டிலும் ஓர் அலுவலகத்திலும் துப்புரவு வேலை. கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். ஒரே மகன் மிலானில் படிக்கிறான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு படிக்கட்டில் பார்த்தபோது பேச்சுவாக்கில் சான் மாலோ போகிறேன் என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஊர்ப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னார். மறுநாள் மாலை என் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, நானும் உம்மோடை வரட்டே? என்ர டிக்கெட்டை நான் எடுக்கிறன். கடல் வத்திறதைப் பாக்கவேணும்.”

அக்கா பலெர்மோவுக்கு வந்து இருபத்தோரு வருடம். இத்தனை காலத்தில் அவர் சுற்றிப் பார்க்க என்று எங்கேயும் போய் நான் கேள்விப்பட்டதில்லை. மொந்தெல்லோவுக்குக் கூப்பிட்டாலே கால் வலி என்பார். பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலி தரும் தங்கும் அனுமதி, கையில் இருந்தும் லண்டனில் நடந்த கல்யாணத்துக்கு விசா கேட்கப் போகவில்லை, பக்கத்தில் ஜெர்மனியில் ஒரு பெண் பெரியவளானதற்கு நடந்த சாமத்தியச் சடங்குக்கும் போகவில்லை. இப்போது சிஞ்ஞோராவிடம் ஐந்து நாள் விடுப்புக் கேட்டு வாங்கியும் விட்டார். ஏன் என்று கேட்டேன். கடல் பார்க்கத்தான் என்றார். துணை கிடைத்ததே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வழியைச் சொல்கிறேன். பலெர்மோவிலிருந்து பாரிசுக்குக் காலை 6.40 விமானம், இரண்டே முக்கால் மணி நேரம், போய்வர ஒருவருக்கு 118 யூரோ. சின்னப் பை மட்டும்தான் இதில் சேரும். அக்காவின் பையில் பெரிய தகர டின் ஒன்று இருந்ததால் வாசலில் பையை அளவுச் சட்டத்துக்குள் திணிக்க நாங்கள் இருவரும் பட்ட பாடு தனிக்கதை. என்னக்கா இது என்று கேட்டதற்குப் பருத்தித்துறை வடை என்றார். தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், எத்தனை நாளானாலும் கெடாது. எனக்குப் பசி. அவர் டின்னைத் திறக்கவில்லை. மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் மதிய ரயில் பிடித்து, சான் மாலோ வந்து இறங்கியபோது மணி 3.50. ரயில் ஒரு வழிக்கு 46 யூரோ, ஒரு மாதம் முன்பே எடுத்ததால் அந்த விலை. நிலையத்திலிருந்து மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், இருபத்தைந்து நிமிடம். எங்கள் விடுதி மதிலுக்கு வெளியே, கடற்கரைச் சாலைக்குப் பின்னால். இரண்டு கட்டில் அறை ஒரு இரவுக்கு 74 யூரோ.

ஐந்து மணிக்கு மதில் மேல் ஏறினோம். கீழே பார்த்தேன். கடல் இல்லை.

எதிர்பார்த்துத்தானே வந்தேன், இருந்தும் மனம் ஏற்கவில்லை. மணல், பாறை, பாசி, மறுபடி மணல். தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு, அதுதான் கடல் என்றார்கள். கரையில் கடல்நீரைத் தேக்கி வைத்த ஒரு குளம் இருக்கிறது, அதன் ஓரத்தில் குதிப்பதற்கான மேடை. அந்த மேடை மணலுக்கு நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன மாடிப்படி மாதிரி நின்றது. மறுநாள் காலை பதினொன்றேகாலுக்கு அதே இடத்தில் நின்றேன். மேடையின் தலைப்பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே. முந்தின நாள் நாங்கள் நடந்த மணல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், அலைகள் மதிலின் காலில் அறைந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கம் நடந்தோம் என்று என்னால் காட்டவே முடியவில்லை. விடுதி நடத்தும் அம்மாள், இதெல்லாம் சின்னது, பெரிய ஏற்றம் மூன்று நாள் முன்பே முடிந்துவிட்டது, தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். பிரான்சில் ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் போடுகிறார்கள். நூறுக்கு மேலிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். நான் எண்ணைப் பார்க்காமல் மலிவான டிக்கெட்டைப் பார்த்துப் போனேன்.

அக்கா மதில் மேல் அதிக நேரம் நிற்கவில்லை. கடலைப் பார்க்க வந்தவர் கடலுக்கு முதுகு காட்டியே நடந்தார். உணவகங்களின் பின்பக்கச் சந்துகளில் சமையல்கட்டு வேலைக்காரர்கள் வெளியே நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் முகங்களை நின்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விடுதியின் பின்வாசலுக்கு எதிரே இருபது நிமிடம் நின்றார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். போகலாமா என்றேன். போகலாம் என்றார், ஆனால் நகரவில்லை. அன்று மாலை அறையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னார்:

“நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு அந்தத் தீவுக்குப் போவம். தண்ணி எத்தனை மணி வரைக்கும் வராது எண்டு பாத்துச் சொல்லும்.”

அந்தத் தீவு என்றது கிரான் பே. மதிலுக்கு நேர் எதிரே, முந்நூறு நானூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் பாறைத் தீவு. தண்ணீர் வற்றியிருக்கும்போது மணலிலும் ஒரு கல்பாதையிலும் நடந்து போகலாம், பத்து நிமிடம். தண்ணீர் ஏறினால் பாதை மூழ்கிவிடும். மேலே புல்வெளி, ஒரு பழைய எழுத்தாளரின் கல்லறை, போர்க்காலத்தில் கட்டிய கான்கிரீட் பதுங்கறைகளின் இடிபாடு. கடை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எதுவும் இல்லை.

விடுதி அம்மாள் கொடுத்த கையடக்கப் புத்தகத்தில் நாள்வாரியாக நேரங்கள் இருந்தன. திங்கள் காலை கடல் மிகவும் வற்றும் நேரம் 6.10 என்று போட்டிருந்தது. கிளம்புவதற்கு முன் நான் படித்த ஒரு பயணப் பதிவில், பிரெஞ்சு அட்டவணைகளில் கோடைக்காலத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கூட்டினேன், 7.10. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி இருபது நிமிடத்துக்குப் பாதை திறந்திருக்கும் என்று விடுதி அம்மாள் சொல்லியிருந்தார். ஆக ஒன்பதரை வரை நேரம் இருக்கிறது. பத்து நிமிடம் பாதுகாப்புக்குக் கழித்து, ஒன்பது இருபதுக்குள் திரும்பிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அதை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

திங்கட்கிழமை 7.50க்கு மணலில் இறங்கினோம். சூரியன் இன்னும் வரவில்லை, வெளிச்சம் வந்திருந்தது. பாதைக் கற்களில் பாசி, வழுக்கும், நல்ல அடி உள்ள காலணி அவசியம். அக்கா அந்த டின் பையைத் தோளில் மாட்டியிருந்தார். நடுப்பாதையில் நின்றுவிட்டார். தீவின் சரிவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், நீலக் குளிர்ச்சட்டை, நரைத்த தலை. காலையில் நடக்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் எங்களை நோக்கி இரண்டடி இறங்கி வந்து நின்றார்.

“அக்கா” என்றார்.

ரஞ்சினி அக்கா நின்ற இடத்திலிருந்து மறுபடி நடந்தார். மேலே ஏறியதும் என்னைக் காட்டி, பலெர்மோவிலே மேல்வீட்டுப் பிள்ளை என்று அவரிடம் சொன்னார். என்னிடம் அவரைக் காட்டி, என்ர தம்பி நேசன் என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

அக்காவுக்குத் தம்பி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. ஐந்து வருடப் பழக்கம், எத்தனையோ சாப்பாடு, எத்தனையோ பேச்சு, ஒருமுறைகூட அந்தப் பெயர் வந்ததில்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். தகவல் சொன்னேன்.

“ஒன்பது இருபது வரைக்கும் நேரம் இருக்கு. நான் அந்தப் பக்கம் சுத்திப் பார்த்துட்டு வரேன். நீங்க பேசிட்டு இருங்க.”

நேசன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கீழே பாதையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கடல் பக்கமாக நடந்துவிட்டேன். கல்லறை, அதன் கல் சிலுவை, சூரியன் வருவது, கடல்பறவைகள் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். இருவருக்கும் தனிமை வேண்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். திரும்பி ஊர் பார்த்த சரிவுக்கு வந்தபோது மணி 8.50.

பாதை இல்லை. பாதை இருந்த இடத்தில் தண்ணீர், ஓடையைப்போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. அலையே இல்லை, சத்தமும் இல்லை. எதிர்க்கரையில் நாயோடு நின்ற ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வீசி வராதே என்று காட்டினாள். நான் சில நிமிடம் இடம் மாறி வந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பாதை தேடினேன். பிறகுதான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த அட்டவணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. மொழிபெயர்ப்பில் போட்டால், கோடை நேரம் ஏற்கெனவே கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. சேர்த்ததன் மேல் நான் இன்னொரு முறை சேர்த்திருக்கிறேன். வழி எட்டரைக்கே மூடிவிட்டது.

தீவில் இருந்த எச்சரிக்கைப் பலகை சொன்னபடி 112ஐ அழைத்தேன். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் எடுத்தார். அடிபட்டதா, யாருக்காவது உடல்நிலை சரியில்லையா, எத்தனை பேர் என்று கேட்டார். மேலேயே இருங்கள், தண்ணீரில் கால் வைக்காதீர்கள், மாலை பாதை திறக்கும், ஏதாவது என்றால் உடனே அழையுங்கள் என்றார். வருடம் முழுக்க இதே பதிலைச் சொல்லிப் பழகிய குரல்.

அக்காவும் தம்பியும் பதுங்கறைச் சுவர் ஓரத்தில் ஓராள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. நான் போய்ச் சொன்னேன். தவறு என்னுடையது, ஒரு மணி தப்பாகக் கூட்டிவிட்டேன், சாயந்திரம் நாலரை வரைக்கும் இங்கேதான், மன்னிச்சிடுங்கக்கா. அக்கா என் கையைப் பிடித்து, பரவாயில்லைப் பிள்ளை, கணக்குத்தானே என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடிய நேசன் விடவில்லை.

“அக்கா, இது தங்கச்சியின்ர பிழை இல்லை. எட்டரைக்கு வழி மூடும் எண்டு எனக்குத் தெரியும். பன்ரண்டு வருசமா இந்தத் தண்ணியைப் பாக்கிறன். தங்கச்சி ஒம்பது இருவது எண்டு சொல்லேக்கை நான் தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் நிண்டனான்.”

அக்கா என் கையை விட்டார். தம்பியின் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அண்டைக்கும் நீ பேசாமல்தான் நிண்டனீ.”

சொல்லிவிட்டு எழுந்து, கடல் பக்கச் சரிவுக்குத் தனியாகப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். இஞ்சை வராதேயும் என்று திரும்பாமலே சொன்னார். திரும்பி வந்தேன். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஒருவர் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எங்களைச் சிறை வைத்திருக்கிறார். என் தவறு இல்லாவிட்டால் அவரால் அது முடிந்திருக்காது. என் தவறின் பின்னால் அவர் ஒளிந்துகொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியும் செய்யவில்லை.

நேசன் தானாகவே சொன்னார், பெரும்பகுதி தரையைப் பார்த்துக்கொண்டு. இந்த ஊர் விடுதி ஒன்றின் சமையல்கட்டில் அவருக்குப் பன்னிரண்டு வருடமாக வேலை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவர்கள் அம்மா பருத்தித்துறையில் இறந்துபோனார். செய்தி முதலில் பிரான்சிலிருந்த நேசனுக்குத்தான் வந்தது. அக்கா அப்போது பலெர்மோவில் எட்டு மாதக் கர்ப்பிணி, இரத்த அழுத்தம் ஏறி ஆசுப்பத்திரியில் இருந்தார். அக்காவின் கணவரும் நேசனும் தொலைபேசியில் பேசி, இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அக்கா கட்டிலிலிருந்து நேசனுக்கு அழைத்து, அம்மாவின் போன் ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். லைன் பிழை என்று இவர் சொல்லியிருக்கிறார். நான்காம் நாள் சொன்னபோது ஊரில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தும் முடிந்திருந்தது. அதோடு அக்கா தம்பியிடம் பேசுவதை நிறுத்தினார். அக்காவின் மகன் வளர்ந்து, போன வருடம் அவனாகவே மாமாவைத் தேடிப் பேசியிருக்கிறான். நான் சான் மாலோ போகிறேன் என்று படிக்கட்டில் சொன்ன இரவே அக்கா மகனை அழைத்து, மாமாவிடம் சொல், ஒரு மணித்தியாலம் மட்டும் பார்க்கிறேன் என்றாராம். தீவு என்றதும் அக்காதான். தண்ணீர் வருகிறது என்று சொல்லி எழுந்து போக ஒரு சாட்டு இருக்குமாம்.

பத்தரைக்குத் தூறல் ஆரம்பித்தது. நேசன் தன் நீலக் குளிர்ச்சட்டையைக் கழற்றி என்னிடம் தந்து, அக்காவுக்குக் குடுங்கோ என்றார். கொண்டுபோனேன். அக்கா வேண்டாம் என்றார். பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். சற்றுக் கழித்து எட்டிப் பார்த்தபோது போட்டிருந்தார். நேசன் மெல்லிய சட்டையோடு பதுங்கறைக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டரைக்குக் கடல் உச்சத்தில் நின்றது. எங்கள் தீவு பாதியாகிவிட்டது மாதிரி இருந்தது. ஊரின் மதில் தெரிகிறது, அதன் மேல் நடப்பவர்கள் தெரிகிறார்கள், ஒருவர் பன் தின்பதுகூடத் தெரிகிறது, நடுவில் போக வழியில்லை. எனக்குத் தலைசுற்றியது, பசியும்தான். அப்போது அக்கா வந்தார். சுவர் ஓரம் உட்கார்ந்து டின்னைத் திறந்தார். எனக்கு இரண்டு வடை தந்தார். பிறகு டின்னை நேசன் பக்கம் நகர்த்தி வைத்தார். கையில் தரவில்லை. அவர் ஒன்றை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார்.

“அவரை நான் மன்னிச்சிட்டன்” என்றார் அக்கா. தன் கணவரைச் சொல்கிறார் என்று பிடிபட எனக்குச் சற்று நேரம் ஆனது. “ஒரே வீட்டிலை இருந்தம். காலமை தேத்தண்ணி குடுக்கவேணும், பிள்ளையைத் தூக்கித் தரச் சொல்லவேணும். கோவத்தை எங்கை வைக்கிறது? உன்னை நான் பாக்கேல்லை. அதாலை எனக்கு ஏலேல்லை.”

நேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அம்மா அண்டைக்கு என்ன சாப்பிட்டவ? அதைச் சொல்லு. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை.”

“காலமை பாணும் சம்பலும். மத்தியானத்துக்கு முருங்கையிலைக் கஞ்சி வைக்கச் சொன்னவவாம். சித்தி வைச்சுக்கொண்டு வரேக்கை நித்திரை எண்டு நினைச்சவ.”

“உப்புப் போட்டவவோ?”

“தெரியாது அக்கா.”

அதற்கு மேல் அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டேன். அக்கா அந்த மூன்று நாளையும் மணி மணியாகக் கேட்டார், நேசன் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார் என்று மட்டும் பிறகு தெரிந்துகொண்டேன். ஒருமுறை அக்கா குரல் உயர்ந்தது, ஒருமுறை இருவரும் சிரித்த மாதிரியும் கேட்டது. காற்றில் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான்கு இருபத்தைந்துக்குப் பாதை தலைகாட்டியது. தண்ணீர் பின்வாங்குவதைப் பார்க்கத்தானே வந்தேன், அதைப் பார்த்தேன். முதலில் ஒரு கல், பிறகு இன்னொரு கல், பிறகு பாதை முழுவதும், நீர் சொட்டச் சொட்ட. நேசன் முன்னால் இறங்கி, எந்தக் கல் வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்தாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. என் தோளைப் பிடித்தார். சட்டையைத் திருப்பித் தரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மோன் சான் மிஷேல் என்ற புகழ்பெற்ற தீவு மடத்துக்குப் போவதாகத் திட்டம். போகவில்லை. அக்கா தம்பியின் அறைக்குச் சமைக்கப் போனார், நான் தனியாக மதிலை இரண்டு சுற்று சுற்றினேன். புதன்கிழமை ரயில் நிலையத்துக்கு நேசன் வந்தார். அவரும் அக்காவும் நடைமேடையில் நின்று ரயில் பற்றி மட்டுமே பேசினார்கள், எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் கதவு என்று.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்டவணையில் எந்த நேரக் கணக்கு என்று பொடி எழுத்துவரை படியுங்கள். படித்த பிறகும் அந்த ஊர் மனிதர் ஒருவரிடம், இன்று எத்தனை மணிக்கு வழி மூடும் என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நான் எண்களைக் கேட்டேன், நேரத்தைக் கேட்கவில்லை. வற்றிக்கொண்டிருக்கும்போது போங்கள், ஏறத் தொடங்கிய பிறகு போகாதீர்கள். தண்ணீர் பாதையைத் தொட்டுவிட்டால் முழங்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம், அந்த இழுப்பை நான் கண்ணால் பார்த்தேன். மேலேயே இருந்துவிடுங்கள், நேரம்தான் போகும். பையில் ஒரு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, கெட்டுப்போகாத ஏதாவது தின்பண்டம். செப்டம்பர் கடைசியில் பகலிலும் பதினைந்து டிகிரிதான். விமானம், ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து நாளுக்கு எனக்கு 430 யூரோ ஆனது. அறையைப் பகிர்ந்துகொண்டதால் இந்தத் தொகை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கைப்பேசியோடு மேலே வந்தார். தம்பி உம்மோடை கதைக்கவேணுமாம் என்று சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசை மேல் வைத்தார். நேசன் நலம் விசாரித்தார். பிறகு கேட்டார்.

“தங்கச்சி, அண்டைக்கு நான் நேரத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் ரெண்டு பேரும் திரும்பிப் போயிருப்பியளோ?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

“ஆமாண்ணா. அந்த நிமிஷமே கிளம்பியிருப்போம்.”

“அதுதான்” என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, செய்தது சரி என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பேசி மேசை மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அழைப்பைத் துண்டிக்கவில்லை.